தெற்கே கால் நீட்டாத மாடு

எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் என்னைப் பற்றி ஒரு பகிடி இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் கட்டிவிட்டது. "எல்லாற்றை பிள்ளையளும் காசு உழைக்குதுகள். உவர் காசு கீறுறார்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். சிரிக்காமல் போனால் கோபித்துக்கொண்டேன் என்று நாலு பேரிடம் சொல்வார் என்பதற்காகச் சிரித்துவைப்பேன். இணுவிலில் இருந்து கொக்குவிலுக்கு நடக்கிற தூரம் முழுவதும் அந்தச் சிரிப்பு என் வாயில் காய்ந்து கிடக்கும்.

அவர் சொன்னது பொய்யில்லை. கொக்குவிலில் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் பழங்காசுகளைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தேன். காணி உறுதிகள் எழுதியே தலை நரைத்தவர் அவர். ஓய்வெடுத்த பிறகு காசு சேர்ப்பது ஒன்றுதான் அவருக்கு வேலை. தன்னிடம் இருந்தவற்றையும் சிநேகிதர்களிடம் இருந்தவற்றையும் படங்களோடு ஒரு புத்தகமாக அச்சடிக்கவேண்டும் என்று நினைத்திருந்தார். புகைப்படத்தில் தேய்ந்த காசு வெறும் கறுப்பு வட்டமாகத்தான் விழும். கையால் கீறினால்தான் அதில் இருக்கிற எழுத்தும் உருவும் தெரியும். அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்.

அப்பு என்று நான் கூப்பிடுகிற என் தகப்பனாருக்கு ஒருநாள் இதை விளங்கப்படுத்தினேன். காசின் மேல் மெல்லிய கடதாசியை விரித்துப் பென்சில் கரியால் தேய்ப்பேன். மேடு கறுக்கும், பள்ளம் வெளுக்கும். பிறகு கவராயத்தால் அளந்து அளந்து மூன்று மடங்கு பெரிதாக இன்னொரு தாளில் கொண்டுவருவேன். பிறகு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஊசி மாதிரியான பேனாவால் கறுப்பு மையைப் புள்ளி புள்ளியாக வைப்பேன். கோடு இழுக்கக்கூடாது. இழுத்தால் எத்தனையோ கை மாறித் தேய்ந்த காசும் நேற்று அடித்ததுபோல ஆகிவிடும். வெளிச்சம் எப்போதும் இடக்கைப் பக்கத்து யன்னலால் வரவேண்டும், இல்லாவிட்டால் மேடு பள்ளமாகக் கண்ணை ஏமாற்றும்.

அப்பு மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "அந்தக் காசு இப்ப கடையிலை செல்லுமோ?"

"செல்லாது, அப்பு."

"அப்ப அதுக்கு ஏன் உவ்வளவு கரைச்சல்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இங்கிலீசும் படித்தேன், கணிதமும் படித்தேன், சித்திரத்தில் வாத்தியார் மெச்சும்படி இருந்தேன். தோட்டத்தில் இரண்டு கை குறைய, அப்புவும் அம்மாவும் அந்த இரண்டு கைக்கும் சேர்த்துத் தண்ணீர் இறைத்தார்கள். நான் கந்தோர் உத்தியோகத்துக்குப் போவேன் என்பது வீட்டில் முடிந்த காரியம். போகவில்லை, காசு கீறினேன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. நில அளவைக் கந்தோரில் காணிப் படம் கீறும் வேலைக்கு ஆள் எடுக்கிற துரையை நொத்தாரிசு ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஐயாவும் தருவதாகச் சொல்லியிருந்தார். படங்கள் முடியட்டும் என்பார்.

படங்கள் முடிந்தன, ஒன்றைத் தவிர.

அச்சுக்குப் போகும் படங்களின் கடைசி அட்டை முழுவதும் யாழ்ப்பாண அரசர்களின் மாட்டுக்காசுகள். சின்னச் செப்புக்காசு, ஒரு பக்கம் நிற்கிற மனிதன், மறுபக்கம் ஒரு மாடு, மாட்டின் கீழே 'சேது' என்ற எழுத்து. ஐயாவின் கைக்கு வந்த எல்லாக் காசிலும் மாடு ஒரே பக்கம்தான் பார்த்தது. காசை நிமிர்த்திப் பிடித்தால் தலை எங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வலக்கைப் பக்கம் பார்க்கிற மாடும் இருக்கிறது என்று அவர் யாரிடமோ கேள்விப்பட்டிருந்தார், கண்டதில்லை. கண்டதில்லை என்றாலும் அதற்காக அட்டையில் ஒரு வட்டத்தை வெறுமையாக விடச் சொன்னார்.

"அந்த வட்டம் நிரம்பட்டும், தம்பி. அண்டைக்கே உமக்குக் கடிதம்."

அந்த வட்டம் நிரம்பும் வரை சும்மா இருக்கவும் விடவில்லை. ஏற்கெனவே கீறியவற்றைத் திருப்பிக் கீறச் சொன்னார். இந்த மாட்டின் திமில் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, அந்த மனிதனின் முழங்கை தடித்துவிட்டது. ஒரே மாட்டை ஐந்தாறு தரம் புள்ளி வைத்தேன். மாலையில் வெளியே வந்தால் வேலியில் நட்ட கதியால் தடிகளும் எனக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியும். சோற்றைப் பிசையும்போது கண்ணில் தண்ணீர் வரும், அம்மா மிளகாயைக் குறை சொல்வாள். அந்த அரசர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இத்தனை காசு அடித்திருக்கவேண்டாம், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பின்னேரம் கோப்பாயில் இருந்து வந்த ஒரு வண்டில்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: அங்கே ஒரு தோட்டக்காரர் கிணறு வெட்டும்போது ஒரு மாட்டுக்காசு எடுத்தாராம். ஐயாவிடம் கண்ட காசைப் போலத்தானாம், "ஆனா மாடு மற்றப் பக்கம் திரும்பி நிக்குது." மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீட்டுக்கு விடிந்தால் நிலை வைக்கிறார்களாம். வாசல் நிலைக்கு அடியில் பொன், வெள்ளி, நவதானியத்தோடு அந்தக் காசையும் வைக்கப்போகிறார்களாம். நந்தி தானே, வீட்டுக்கு நல்லது என்று.

ஐயாவுக்கு அன்று காய்ச்சல், போர்த்துக்கொண்டு கிடந்தார். கேட்டதும் எழும்பி உட்கார்ந்து, அலுமாரி லாச்சியைத் திறந்து, நல்ல துலக்கமான ஒரு மாட்டுக்காசை எடுத்து என் கையில் வைத்தார். இடப்பக்கம் பார்க்கிற வழமையான மாடு.

"விடியப் போம். இதைக் குடுத்து அதைக் கேளும். களவில்லை, மாற்று. நிலைக்குக் கீழை வைக்கிறதுக்கு எந்த மாடெண்டால் என்ன?"

"தராட்டி?"

"தராட்டி அதிலையே இருந்து கீறிப்போட்டு வாரும். நிலை ஏறினாப் பிறகு அதைக் கடவுள் வந்தாலும் காணேலாது."

கோப்பாய்க்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அரைச்சுவர் எழும்பிய வீடு. வாசலில் புது நிலை மஞ்சளும் குங்குமமும் பூசிச் சாத்திக் கிடந்தது. நிலை செய்த ஆசாரியார் குந்தியிருந்து அடிக்கல்லில் வெட்டிய சின்னக் குழியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாருக்கோ வாழைக்குலை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒரு வெற்றிலையில் காசை வைத்திருந்தார். பக்கத்தில் பழப்புளி. தேய்க்கப் போகிறார் என்று கண்டதும் ஓடிப்போய் மறித்தேன்.

"அக்கா, புளி போடாதையுங்கோ. மேலிலை இருக்கிறது போயிடும்."

"ஊத்தை தானே தம்பி போகும்?"

நான் யாரென்றும் ஏன் வந்தேன் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் கிட்ட வந்து நின்றார். பிறகு நான் கொண்டுவந்த காசை மடியில் இருந்து எடுத்துக் காட்டினேன். அக்கா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இந்தத் தம்பியின்ரைதான் வடிவு. கொம்பெல்லாம் தெரியுது. எங்கடை மாட்டுக்கு முகமே இல்லை."

"முகமில்லாத மாடு பால் கறக்காதோ?" என்றார் அவர். ஆனால் அவருக்கும் மனம் இளகியது தெரிந்தது. "உமக்கு அவ்வளவு தேவையெண்டால் மாத்திக்கொண்டு போம். நந்தி நந்திதானே."

அக்கா கிணற்றுக் காசை என் கையில் வைத்தார். வலப்பக்கம் பார்க்கிற மாடு. பச்சைக் களிம்பு, திமிலில் ஒரு வெட்டு, எழுத்து பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது என்னவோ, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்ற நினைப்புத்தான்.

அப்போது ஆசாரியார் குழிக்குள் என் காசை வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"இது சரிவராது."

"ஏன்?"

"கிழக்கு வாசல். மாடு வீட்டுக்குள்ளை வாற மாதிரி வைக்கவேணும், தலை மேற்கை. அப்பிடி வைச்சால் இதின்ரை கால் நாலும் தெற்கை போகுது. பாருங்கோ." விரலால் காட்டினார். "தெற்கை கால் நீட்டினபடி ஒரு மாட்டை வாசலுக்குக் கீழை வைச்சுப்போட்டுக் கலியாணம் செய்யப் போறியளோ?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். தலையை மேற்கே வைத்தால் கால் எமன் திசைக்குப் போகிறது. காலை வடக்கே திருப்பினால் தலை கிழக்கே, மாடு வீட்டை விட்டு வெளியே நடக்கிறது. கிணற்றுக் காசை என் கையில் இருந்து வாங்கி அதே குழியில் வைத்தார் ஆசாரியார். தலை மேற்கே, கால் வடக்கே. வீட்டுக்குள் வருகிற மாடு.

"இதுதான் மாடு," என்றார்.

"அது எங்கடை மண் தந்த மாடெல்லே," என்றார் வீட்டுக்காரர், முதலிலிருந்தே தனக்கு அது தெரியும் என்பதுபோல. அக்கா என் காசைத் துடைத்து என்னிடமே தந்தார். "குறை நினையாதை தம்பி. ஒரு கோப்பி குடி."

வாதாட என்னால் முடியவில்லை. ஐயாவின் வட்டத்துக்குத் தேவையான திசைதான் ஆசாரியாரின் குழிக்கும் தேவையாக இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் நடுவில் நிற்கிறவனுக்குக் கால்தான் நோகும். நிலை வைக்கிற நல்லநேரம் வரும்வரை கீறிக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"கீறுமன். கீறினாக் காசு தேயாதுதானே," என்றார் வீட்டுக்காரர்.

சுண்ணாம்புப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் தாளை வைத்தேன். வெளிச்சம் இடப்பக்கத்தில் இருந்து வரும்படி திரும்பி உட்கார்ந்தேன். வெயில் நகர நகர நானும் பெட்டியும் நகர்ந்தோம். முதலில் தேய்ப்பு, பிறகு கவராயம், பிறகு பென்சில். மைக்கு நேரமில்லை. பின்னால் வந்து பார்த்தவர்களின் நிழல் விழும்போதெல்லாம் மாடு மறைந்தது.

கல்யாணப் பெண்ணும் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தத் திமிலிலை இருக்கிற வெட்டையும் ஏன் கீறுறியள்?" என்று கேட்டாள்.

"காசிலை இருக்கே."

"அது ராசா காலத்து வெட்டில்லை. எங்கடை அப்பான்ரை மண்வெட்டி."

"இருக்கிறது எல்லாத்தையும் கீறச் சொல்லித்தான் ஐயா."

"அப்ப எங்கடை அப்பாவும் புத்தகத்திலை வருவார்," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

மாட்டுப் பக்கம் முடிந்து, மனிதன் பக்கத்தில் இடுப்பு வரை வந்திருந்தேன். ஆசாரியார் கையை நீட்டினார். நேரம். கொடுத்தேன். பொன், வெள்ளி, தானியம், பூ, காசு, மேலே சாந்து. நாலு பேர் சேர்ந்து நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். தேங்காய் உடைந்தது. எனக்கும் ஒரு பாதி தந்தார்கள்.

கொக்குவிலுக்குத் திரும்பி வந்தபோது ஐயா சாய்வுக் கதிரையில் காத்திருந்தார். படத்தை யன்னல் பக்கம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எனக்கு நிற்க முடியவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"நல்லாய்க் கீறியிருக்கிறீர்," என்றார் கடைசியில். "ஆனா இதை நான் அச்சடிக்கேலாது."

"ஏன், ஐயா?"

"கொழும்பிலை ஒருத்தர் இருக்கிறார், நான் எப்ப பிழை விடுவன் எண்டு பார்த்துக்கொண்டு. காசைக் காட்டு எண்டு கேப்பார். நான் எங்கை போறது? ஆரோ ஒருத்தரின்ரை வாசலுக்குக் கீழை இருக்கு எண்டோ சொல்லுறது? உம்மடை தேய்ப்புத் தாளை மறுபக்கமாய்ப் பிடிச்சுக் கீறினீர் எண்டு சொல்லுவார். எழுத்தும் தேய்ஞ்சு போச்சு, எந்தப் பக்கத்தாலை வாசிச்சாலும் ஒண்டுதான். நானே காணாததுக்கு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. மெல்லிய தாளில் தேய்த்ததை மாறிப் பிடித்தால் மாடு மாறித்தான் பார்க்கும். யாருக்கும் நடக்கக்கூடிய பிசகு. இனி அந்த வட்டம் நிரம்பாது. வேறொரு கிணறு வெட்டி வேறொரு மாடு வரும்வரை நான் இந்த யன்னலோரத்தில் திமிலைத் திருப்பித் திருப்பிக் கீறிக்கொண்டிருப்பேன்.

"நான் மாறிப் பிடிக்கேல்லை, ஐயா," என்றேன். "எந்தப் பக்கம் பாக்குது எண்டு அங்கை எல்லாரும் அரைமணித்தியாலம் சண்டை பிடிச்சவை." பிறகு ஆசாரியார் சொன்னதைச் சொன்னேன். தெற்கு, வடக்கு, வெளியே நடக்கிற மாடு, எல்லாம். அலுத்துப்போய்த்தான் சொன்னேன்.

ஐயா கதிரையில் நிமிர்ந்தார்.

"எத்தினை பேர் நிண்டவை?"

"வீட்டுக்காரர், மனிசி, மகள், ஆசாரியார். வேறை ஆக்களும் நிண்டவை."

"எல்லாரும் கண்டவையோ?"

"குனிஞ்சு பார்த்தவை, ஐயா."

"அப்ப காசு ஏன்?" என்றார். "தலை மேற்கை, கால் வடக்கை எண்டால் அது வலப்பக்கம் பாக்கிற மாடுதான். சாட்சி இருக்கே."

காய்ச்சல் விட்டதும் கூடார வண்டிலில் என்னையும் ஏற்றிக்கொண்டு கோப்பாய்க்குப் போனார். கோட்டு, தலைப்பாகை, மைக்கூடு, முத்திரை ஒட்டாத நீளத் தாள். வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். காணி வழக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும். விஷயத்தைச் சொன்ன பிறகும் அந்தக் கலக்கம் முகத்தில் இருந்து முழுதாய்ப் போகவில்லை.

ஐயா ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக்கூடாது என்று மற்றவர்களைக் கிணற்றடியில் நிற்கச் சொன்னார். வீட்டுக்காரர், மாடு உள்ளே வந்தது, கால் வடக்கே என்றார். அக்காவும் அதைத்தான் சொன்னார். ஆசாரியார் நிலத்தில் கரியால் கீறியே காட்டினார். ஐயா உறுதி எழுதும் அதே நடையில் எழுதினார்: மேற்படி காசில் உள்ள இடபமானது மேற்கே தலையும் வடக்கே காலுமாக வைக்கப்பட்டதென்றும், அவ்விதம் வைக்கப்பட்டதைத் தாம் கண்ணாரக் கண்டதென்றும்.

"மாட்டுக்கும் எல்லை எழுதுவியளோ, ஐயா?" என்று கேட்டார் ஆசாரியார். "கிழக்கெல்லை ஆற்றை காணி?"

"பகிடி விடாமல் கையெழுத்தை வையும்."

ஆசாரியார் கையெழுத்து வைத்தார். வீட்டுக்காரர் கைநாட்டு. அக்கா மை பூசமாட்டேன் என்றார். "நல்ல நாள் பெருநாளிலை மாட்டுக்குச் சாட்சி சொல்லி விரலைக் கறுப்பாக்கச் சொல்லுறியளே?" மகள் தானாக வந்து தன் பெயரை எழுதினாள். நல்ல எழுத்து.

போகும்போது ஐயா வாசலில் நின்றார். புது நிலை, கீழே சாந்து காய்ந்து வெளுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்கோ என்றார்கள். வலக்காலைத் தூக்கி, அந்தக் கல்லில் படாமல், பெரிதாக எட்டி வைத்து உள்ளே போனார். தோண்டச் சொல்லிக் கேட்பாரோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு வட்டத்தை நிரப்பினேன். புள்ளி, புள்ளி, புள்ளி. மனிதன் பக்கத்தை இடுப்பு வரையில்தான் கீறினேன், கண்டது அவ்வளவு. அதற்கும் ஒரு குறிப்பு எழுதினார் ஐயா. திமிலில் மண்வெட்டி வெட்டு அப்படியே இருக்கிறது. கடைசிப் புள்ளியை வைத்ததும் பேனாவைக் கழுவித் துடைத்து, மைக்கூட்டை மூடி, எழும்பி நின்றேன்.

"முடிஞ்சுது, ஐயா."

அவர் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு லாச்சியை இழுத்தார். கடிதத் தாள் எடுக்கிறார் என்று நினைத்தேன். ஒரு துணிப்பையை எடுத்து மேசையில் கொட்டினார். ஒல்லாந்தர் காசுகள். மேசை நிரம்பி, ஒன்று உருண்டு என் காலடியில் விழுந்தது.

"இனி இதுகள். ரெண்டாம் பாகம். உம்மைப் போல கை எனக்கு இனிக் கிடையாது, தம்பி. கடிதத்துக்கு இப்ப என்ன அவசரம்? இன்னும் கொஞ்சக் காலம்."

காலடியில் கிடந்த காசை எடுத்து மேசையில் வைத்தேன். குனிந்து நிமிர்ந்தபோது கண்ணுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்தேன்.

"ஏலாது, ஐயா."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நீர் போனால் ஒல்லாந்தர் காசை ஆர் கீறுறது?"

"தெரியாது, ஐயா. வட்டம் நிரம்பினால் கடிதம் எண்டு சொன்னனீங்கள். நிரம்பிப் போச்சு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். சாட்சியைக் கேட்கும்போது பார்த்ததுபோலத்தான் பார்த்தார். சொல்கிறவன் சரியாகத்தான் சொல்கிறானா என்று. பிறகு ஒல்லாந்தர் காசுகளைக் கையால் ஒரு பக்கம் ஒதுக்கி, தாளை எடுத்து, பேனாவைத் தோய்த்தார்.

"தேப்பனார் என்ன தொழில்?"

"தோட்டம்."

"அப்பிடியே எழுதட்டோ?"

"எழுதுங்கோ."

இங்கிலீசில் எழுதினார். மை காயும் வரை தாளை விசிறினார். மடித்துத் தந்தபோது, "கண்ணைப் பாரும், தம்பி. சிவந்து கிடக்கு," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பு கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது, ஆனால் அதுதான் என்று தெரிந்தது.

"தந்தவரோ?"

"ஓம்."

"அப்ப நாளைக்குக் காசு கீறப் போகேல்லையோ?"

"இல்லை, அப்பு."

"சரி, போய்ப் படு," என்றார். கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பாயை விரித்தேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது.